குமிழத்துக்கு ஒரு குளிர்காலம்

அடுக்களை மூலையில் ஒரு புதிர்

கொச்சியிலுள்ள கொச்சங்காடியில் குடியிருக்கும் எவருக்கும், இடவப்பாதி மழை தொடங்கிய பிறகு வீட்டில் நேரும் ஒரு சிறு தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். மட்டாஞ்சேரிக் கடைவீதியில், சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து சென்று, இரண்டு கிலோ வெங்காயம் வாங்கி வந்து, அடுக்களை மூலையில் கூடையிலே போட்டுச் சில நாள் கவனியாமல் விட்டுவிட்டால், மண்ணில் ஊன்றாமலும் தண்ணீர் ஊற்றாமலும், காற்றிலே நிறைந்திருக்கும் ஈரத்தையே போதுமானதாகக் கொண்டு, அது தானாகவே பச்சை முளை விட்டு நிற்கும்.

அதே வீட்டுக்கு, ஐரோப்பாவின் பனிக்காலத்து வீடுகளை அலங்கரிக்கும் ஹயசிந்த் என்னும் பூச்செடியின் கிழங்கு ஒன்று வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். வேம்பநாட்டுக் காயலை அடைத்துக்கொண்டு மிதக்கிற ஆகாயத்தாமரைக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால், ஊதாத் தோல் போர்த்திய பெரிய வெங்காயம் என்றே எவரும் சொல்லுவார்கள். அதனைக் கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குவளையின் வாயில் அமர்த்தி, கீழே தண்ணீர் நிறைத்து, ஜன்னலோரம் வைத்துப் போஷிக்கிறோம். சில வாரங்களில் தடித்த இலைகள் நாலைந்து எழும்புகின்றன. ஆனால், உறையின்மேல் அச்சிட்ட படத்தில் ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற பூங்கொத்தைக் காணோம். இலைகளை விலக்கிப் பார்த்தால், கிழங்கின் கழுத்துக்குள்ளேயே, காம்பு நீளாமல், ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு, பாதி விரிந்தும் பாதி கருகியும் பூக்கள் சிக்கிக் கிடக்கின்றன.

தண்ணீர் குறையவில்லை, வெளிச்சம் குறையவில்லை, உஷ்ணமோ கொச்சியில் ஆண்டு முழுவதும் தாராளம், ஆகாரத்தைக் கிழங்கே தனக்குள் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு செடிக்கு வேண்டியவை என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தவை யாவும் இருந்தும், வெங்காயம் வேண்டாத இடத்தில் முளைக்க, ஹயசிந்த் விரும்பி வைத்த இடத்தில் மலராமல் போவது ஏன்?

இந்தக் கேள்வி கொச்சங்காடியில் எழும்போது அதற்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. தூர தேசங்களிலிருந்து வந்தவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்த ஊர் இது. காயல்பட்டினத்திலிருந்து வந்து குடியேறிய நயினாக் குடும்பத்தார் வாழும் பகுதியும், செம்பிட்டப் பள்ளி என்னும் பழம்பெரும் மசூதியும் இங்கே உள்ளன. 1344-ஆம் ஆண்டில் யூதர்கள் இங்கே எழுப்பிய ஜெபாலயத்தின் கல்வெட்டு, இன்று மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி ஜெபாலயத்தில் பத்திரமாக இருக்கிறது. மனிதர்களோடு தாவரங்களும் வந்தன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்த மிளகாயும் முந்திரியும் அன்னாசியும், அந்நியப் பொருள்கள் என்ற நினைவே எவருக்கும் எழாதபடி, நம்முடைய அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் உரியவையாகிவிட்டன. 1663 முதல் 1795 வரை கொச்சியைத் தம் வசத்தில் வைத்திருந்த டச்சுக்காரர்களுடைய தாய்நாட்டில் ஹயசிந்த் பெருமைக்குரிய தோட்டப்பூவாக விளங்கிற்று. ஹார்லெம் நகரத்துத் தோட்டக்காரராகிய ஜார்ஜ் வோர்ஹெல்ம் 1752-இல் அந்தப் பூவுக்கென்றே ஒரு நூல் எழுதி வெளியிடுமளவுக்கு அதன்மேல் அங்கே மோகம் இருந்தது. ஆயினும் முந்திரிக்குக் கிடைத்த இடம் மலையாளக் கரையில் ஹயசிந்துக்குக் கிடைக்கவில்லை. முந்திரியிடம் இருந்து ஹயசிந்திடம் இல்லாதது என்ன என்பதை அறிந்தால், நமது புதிர் அவிழ்ந்துவிடும்.

குமிழத்தைப் பிளந்து பார்த்தல்

முதலில் ஒரு வெங்காயத்தை நுனியிலிருந்து அடிவரை நெடுக்காகப் பிளந்து, வெட்டுமுகத்தைச் சற்றே நிதானமாகப் பார்ப்போம். அடியில், வேர்கள் தொங்குகிற இடத்தில், கடினமான சிறு வட்டு ஒன்று இருக்கிறது. சமைக்கும்போது நாம் அரிந்து எறிந்துவிடுகிற அந்த வட்டுதான் செடியின் உண்மையான தண்டு. அதனை அடித்தட்டு என்று அழைப்போம். அதன்மேல் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு அடுக்கடுக்காக எழும் சதைப்பற்றான தோல்கள் எல்லாம் இலைகள். சூரிய ஒளியில் ஆகாரம் சமைக்கும் வேலையை விட்டு, சமைத்த ஆகாரத்தைச் சேமித்து வைக்கும் வேலையை ஏற்றுக்கொண்ட இலைகள். இவை யாவற்றுக்கும் நடுவே, அடித்தட்டின் உச்சியில், வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு சிறு முளை உறங்குகிறது. இவ்விதம் தண்டும் இலையும் முளையும் ஒரே உருண்டைக்குள் அடங்கிய உறுப்புக்குத் தாவரவியலில் குமிழம் என்று பெயர். ஆகவே, இதுவரை வழக்கத்தை ஒட்டிக் கிழங்கு என்று சொல்லிவந்த ஹயசிந்தையும் இனிக் குமிழம் என்றே சொல்லுவோம்.

செப்டம்பர் மாதத்தில் ஹயசிந்துக் குமிழம் ஒன்றை இதேபோலப் பிளந்தால், அடித்தட்டும் செதில் இலைகளும் வெங்காயத்தில் உள்ளபடியே இருக்கக் காண்கிறோம். ஆனால் நடுவிலே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. விரல்நகத்தில் பாதி அளவுள்ள கூம்பு ஒன்று, இன்னும் விரியாத இளம் இலைகளுக்கிடையே நிற்கிறது. கைக்கண்ணாடியைக் கொண்டு பார்த்தால், அந்தக் கூம்பைச் சுற்றிலும் கீழிருந்து மேலாக, வெளிர்பச்சை மணிகளைப் பதித்தாற்போல் நுண்ணிய மொட்டுகள் வரிசையாக அமர்ந்திருப்பது தெரிகிறது. கீழ்மொட்டுகள் பெரியவை, மேலே செல்லச்செல்லச் சிறியவை. பெரிய மொட்டு ஒன்றை ஊசிமுனையால் விலக்கினால், ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத் தண்டுகளும் நடுவே சூலகமும் குறைவின்றி உருவாகி இருக்கின்றன. அடுத்த ஆண்டின் வசந்தத்தில் மலரப்போகிற கொத்து முழுவதும், நிறமும் மணமும் நீங்கலாக, இப்பொழுதே குமிழத்துக்குள் தயாராக இருக்கிறது.

ஆதலின், மலர் ஏன் உண்டாகவில்லை என்று கேட்பது பிழையான கேள்வியாகிவிடுகிறது. மலர் உண்டாகியிருக்கிறது, உண்டான மலர் வெளியே வரவில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு காரியங்கள், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சீதோஷ்ணத்தில் நடைபெறுகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் சாரம்.

பிறந்த மண்ணின் பருவங்கள்

ஹயசிந்தின் பூர்வீகம் ஹாலந்து அன்று. துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான் ஆகிய பிரதேசங்களின் பாறைச் சரிவுகளே அதன் தாயகம். பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்துதான் அது மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. அந்தச் சரிவுகளில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையோ, ஒரு துளி ஈரமும் இன்றி மண் வெந்து கிடக்கும் காலம். இவ்விடத்தில் வாழ வேண்டிய செடி ஒன்று, எப்பொழுது வளர்வது, எப்பொழுது பூப்பது, எப்பொழுது பூமிக்குள் மறைந்துகொள்வது என்பதில் தவறு செய்தால், அதற்கு மறு ஆண்டு கிடையாது.

ஹயசிந்த் தன் ஆண்டைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் கிரமம் இது. வசந்தத்தில் மலர்ந்து, இலைகளின் மூலம் ஆகாரம் சேர்த்து, கோடையின் தொடக்கத்தில் இலைகளை வாடவிட்டு, குமிழத்தை மட்டும் மண்ணுக்குள் நிறுத்திக்கொள்கிறது. இலையுதிர்காலத்து முதல் மழை மண்ணை நனைத்ததும் அடித்தட்டிலிருந்து வேர்கள் இறங்குகின்றன. பிறகு குளிர்காலம். பனியும் மழையுமாக மாதங்கள் கழிந்து, வெயில் சற்றே உறைக்கத் தொடங்கியதும், இலையும் பூங்கொத்தும் ஒருசேர மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. வெப்பம், பிறகு குளிர், பிறகு மீண்டும் மிதமான வெப்பம் என்னும் இந்த வரிசையில் ஒரு படி விடுபட்டாலும் அடுத்த படிக்கு அது செல்வதில்லை.

இந்த எச்சரிக்கை குமிழத்தின் உயிரைக் காக்கும் விவேகம் என்றே சொல்ல வேண்டும். இலையுதிர்காலத்திலும் மழை உண்டு, இதமான வெப்பமும் உண்டு. வசந்தத்திலும் அவ்விரண்டும் உண்டு. ஈரத்தையும் இதத்தையும் மட்டும் நம்பிப் பூங்கொத்தை வெளியே நீட்டினால், முதல் பனியிலேயே அது கருகி, வித்து ஏதும் விளையாமல் வீணாகிப்போகும். இரண்டு பருவங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: வசந்தத்துக்கு முன்னால் ஒரு நீண்ட குளிர் கழிந்திருக்கும்; இலையுதிர்காலத்துக்கு முன்னால் கழிந்திராது. ஆகவே, இன்றைய வெப்பம் எவ்வளவு என்பதை மட்டும் பாராமல், அதற்கு முன்னே எத்தனை வாரம் குளிர்ந்திருந்தது என்பதையும் கணக்கில் கொள்ளும் குமிழங்களே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தன.

கோடையில் கருக்கொள்ளும் மலர்

மலர் உருவாகும் காலத்தை முறைப்படி ஆராய்ந்து கண்டவர், நெதர்லாந்தில் வாகெனிங்கன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அன்டன் ஹென்ட்ரிக் பிளாவு என்னும் தாவர உடலியல் அறிஞர். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் அவருடைய உதவியாளர்களும், ஆண்டு முழுவதும் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஹயசிந்துக் குமிழங்களைப் பிளந்து, நடுமுளையின் உச்சியைப் பெருக்காடியின் கீழ் வைத்து, அது இலையை உண்டாக்குகிறதா, மலரை உண்டாக்குகிறதா என்று வரைபடங்களோடு பதிவு செய்தார்கள். குமிழங்களைப் பலவேறு உஷ்ணநிலைகளில் வைத்து, எந்த நிலையில் மலர் விரைந்து உருவாகிறது என்றும் அளந்தார்கள்.

அவர்கள் கண்டது பலருக்கும் வியப்பூட்டியது. இலைகள் வாடி, தோட்டத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, கிடங்கின் தட்டுகளில் செத்ததுபோல் கிடக்கும் அந்தக் கோடை மாதங்களில்தான் ஹயசிந்த் தன் மலர்களை உருவாக்குகிறது. அதற்கு உகந்த உஷ்ணம் 25 பாகை செல்சியஸை ஒட்டியது. அதாவது, ஹயசிந்தின் வாழ்க்கையில் கொச்சியின் சீதோஷ்ணத்துக்கு ஒத்த ஒரு பகுதியும் இருக்கத்தான் செய்கிறது. மலர் கருக்கொள்வதற்கு அதற்கு வெம்மையே வேண்டும்.

ஆய்வுக்கூடம் காரணத்தைக் கூறுமுன்பே, அனுபவத்தால் இதன் ஒரு பகுதியைத் தொட்டறிந்த தோட்டக்காரர்களும் உண்டு. லிஸ்ஸ என்னும் ஊரில் குமிழம் பயிரிட்ட நிக்கோலாஸ் டாமெஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹயசிந்துக் குமிழங்களை வழக்கத்துக்கு முன்பே தோண்டி, வெப்பமான அறைகளில் வைத்துப் பக்குவம் செய்து, கிறிஸ்துமஸ் சமயத்திலேயே மலரச் செய்யும் முறையை வகுத்தார். கோடையை முன்கூட்டியே முடித்துக்கொடுத்தால், குளிரையும் முன்கூட்டியே தொடங்கலாம். முடிவில் பூவும் முந்தி வரும். இவ்வாறு பருவங்களை நம் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, செடியை நாம் குறித்த நாளில் பூக்கச் செய்யும் கலைக்கு வலிந்து மலர்த்துதல் என்று பெயரிடுவோம். பெயரில் வலிமை இருந்தாலும் செயலில் பலவந்தம் இல்லை; பருவங்களின் நாள்தான் மாறுகிறதேயன்றி வரிசை மாறுவதில்லை.

குளிர் செய்யும் காரியம்

மலர் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்றால், குளிருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? இங்கே இரண்டு விஷயங்களை வேறு பிரித்து அறிய வேண்டும்.

குளிர்காலக் கோதுமை போன்ற சில பயிர்கள், முளைத்தபின் சில வாரம் குளிரை அனுபவித்தாலன்றி மலரை உருவாக்கவே தொடங்குவதில்லை. ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் காஸ்னர் 1918-இல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்கின. குளிரினால் மலரும் தகுதி பெறும் இந்த மாறுதலைத் தட்பப்பதனம் என்று நம்முடைய பாடநூல்கள் குறிக்கின்றன. வெங்காயமும் இந்த வகையைச் சேர்ந்ததே. மழைக்காலத்தில் அடுக்களையில் அது தருவது முளையும் தாளுமேயன்றிப் பூவன்று. நாசிக் பிரதேசத்தில் விதைக்காக வெங்காயம் நடுவோர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் குமிழங்களை ஊன்றி, அவ்விடத்துக் குளிர்காலம் அவற்றைப் பூக்கச் செய்யும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் சின்ன வெங்காயம் பொதுவாக விதையினால் அன்றிக் குமிழத்தினாலேயே பயிராகி வந்ததற்கும் இதுவே காரணம். எளிதில் பூத்து விதை கட்டுகிற கோ 5 என்னும் இரகத்தைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டபோது, உழவர்களுக்கு அது பெரும் செலவுக் குறைப்பாக அமைந்தது.

ஹயசிந்தின் விஷயம் இதனினும் வேறுபட்டது. அதில் குளிர் மலரை உண்டாக்குவதில்லை. உண்டான மலரைத் தாங்கிய காம்புக்கு நீளும் ஆற்றலை அளிக்கிறது. குமிழத்துக்குள் இருக்கும் பூங்கொத்து, மடித்துவைத்த குடையைப் போன்றது: துணியும் கம்பிகளும் முழுமையாக இருக்கின்றன, விரிதல் ஒன்றே பாக்கி. காம்பின் அணுக்கள் பெரும்பாலும் உருவாகியிருக்கின்றன. அவை நீரை ஈர்த்து நெடுக நீண்டாக வேண்டும். அந்த நீட்சிக்கான ஆயத்தம் குளிரில் நிகழ்கிறது. 9 பாகையை ஒட்டிய தட்பத்தில் பத்து முதல் பதினான்கு வாரம் இருக்கும்பொழுது, செதில்களில் சேர்ந்திருந்த மாப்பொருள் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக உடைகிறது. ஜிப்ரெலின் முதலான வளர்ச்சிச் சுரப்புகளுக்குக் காம்பு செவிசாய்க்கும் நிலையை அடைகிறது. அடித்தட்டிலிருந்து வேர்கள் இறங்கி, வரப்போகும் நீர்த்தேவைக்கு வழி செய்கின்றன. வெளித்தோற்றத்துக்கு ஒன்றுமே நடவாத அந்த வாரங்களே செடியின் சுறுசுறுப்பான வாரங்கள். இந்த ஆயத்தம் முடியுமுன் வெப்பம் வந்துவிட்டால், இலையும் பூவும் விரிய முற்படுகின்றன, காம்போ நீள மறுக்கிறது. குமிழத்தின் கழுத்துக்குள்ளே பூக்கள் சிக்கிக்கொண்ட காட்சி அதனால் விளைந்ததே.

கொச்சியில் மார்கழி, தை இரவுகளில்கூட உஷ்ணம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. முந்திரியும் அன்னாசியும் குளிரை அறியாத வெப்ப நாடுகளில் பிறந்தவை. அவற்றின் கணக்கில் குளிர்காலம் என்ற படியே இல்லை. ஹயசிந்தின் கணக்கில் அது நடுப்படி. கப்பலேறி ஆறேழு மாதம் வெப்பக் கடல்களின் வழியே பிரயாணம் செய்து கொச்சித் துறையை அடையும் ஒரு குமிழத்துக்கு, வழியிலும் குளிர் இல்லை, வந்த இடத்திலும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், டச்சுக்காரர்களின் கோட்டையும் கிடங்கும் இங்கே வேரூன்றிய நூற்றாண்டிலும் அவர்களுடைய பூ வேரூன்றாததன் காரணம் விளங்கும்.

கொச்சங்காடியில் ஒரு குமிழம்

இனி, இயற்கை அளிக்காத குளிர்காலத்தை நாமே எவ்வாறு அளிப்பது என்பதை, ஒரே ஒரு குமிழத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து பார்ப்போம். பொங்கலன்று பூ விரிந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். குளிரிலிருந்து வெளியே எடுத்தபின் மலர ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டுமாதலால், ஜனவரி 14-இலிருந்து மூன்று வாரம் பின்னே சென்றால் டிசம்பர் 24. அதற்கு முன் பன்னிரண்டு வாரம் குளிர் வேண்டும். அது நம்மை அக்டோபர் 1-க்குக் கொண்டு சேர்க்கிறது. துலாவருஷ இடிமழை தொடங்குவதற்குச் சற்று முன்பாகக் குமிழத்தின் குளிர்காலம் தொடங்க வேண்டும்.

குமிழத்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கவனம் இருக்கட்டும். ஹாலந்தில் இவற்றைச் சுற்றளவைக் கொண்டு தரம் பிரிக்கிறார்கள். வீட்டுக்குள் மலர்த்துவதற்கு 16 முதல் 18 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ளவை ஏற்றவை. கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அடித்தட்டு அழுகாமல் உலர்ந்திருக்க வேண்டும். தோலின் நிறம் பூவின் நிறத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்: வெண்பூவுக்கு வெளிறிய தோல், நீலத்துக்கும் சிவப்புக்கும் ஊதாத் தோல். வெளிநாட்டுக் குமிழங்கள் இந்தியாவுக்குள் வருவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை கட்டுப்படுத்துகிறது. நம் மண்ணில் இல்லாத நோய்க்கிருமிகள் குமிழத்தோடு நுழையாதிருக்க ஏற்பட்ட விதியாதலால், பிரயாணப் பெட்டியில் சொருகிக் கொண்டுவருவதை விட்டு, முறைப்படி வரவழைத்து விற்கும் நாற்றுப்பண்ணைகளில் வாங்குவதே தகும்.

அக்டோபர் முதல் நாள், குமிழத்தைக் காகிதப் பையில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறோம். பிளாஸ்டிக் பை ஈரத்தைச் சிறைப்படுத்திப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். உறைநிலை அறையோ குமிழத்தைக் கொன்றுவிடும். பெட்டிக்குள் இரண்டு அபாயங்களைக் கருத வேண்டும்.

முதல் அபாயம் பழங்கள். நேந்திரம் தாரைக் குழியிலோ அறையிலோ அடைத்துப் புகைபோட்டுப் பழுக்கவைக்கும் வழக்கத்தைக் கேரளத்தில் எல்லோரும் அறிவர். அந்தப் புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயுவே காயைக் கனியச் செய்கிறது. கனியத் தொடங்கிய பழமும் அதே வாயுவைத் தானே வெளியிட்டு, பக்கத்திலுள்ள காயையும் கனிவிக்கிறது. காயைக் கனிவிக்கும் அந்த வாயு குமிழத்துக்குள் உறங்கும் மொட்டைக் கருக்கிவிடும். ஆப்பிளும் வாழையும் பப்பாளியும் இருக்கும் தட்டில் குமிழத்தை வைத்தால், பன்னிரண்டு வாரமும் முறையாகக் கழிந்தபின், வெளியே வருவது வறண்டுபோன பூக்கொத்தாக இருக்கும். பிழை எங்கே நேர்ந்தது என்பதும் தெரியாது.

இரண்டாவது அபாயம் நமக்கே. ஹயசிந்துக் குமிழம் நஞ்சுடையது. அதன் செதில்களில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் ஊசிகளாகக் கூர்ந்து நிறைந்திருக்கின்றன. சேனையையும் சேம்பையும் அரியும்போது கையில் ஏறும் அரிப்புக்குக் காரணமான அதே படிகங்கள். வெங்காயத்தைப் போன்ற தோற்றமுடைய ஒன்றைச் சமையல் பொருள்களுக்கிடையே மூன்று மாதம் வைக்கப்போகிறோம் என்பதை மறவாமல், பையின்மேல் தடித்த எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். தொடும்போது கையுறை அணிவது நலம்.

எட்டு வாரம் கழிந்து, நவம்பர் இறுதியில், குமிழத்தை வெளியே எடுத்துக் கண்ணாடிக் குவளையின் வாயில் அமர்த்துகிறோம். கழுத்துக் குறுகிய ஊறுகாய்ப் புட்டியும் இதற்குப் போதும். தண்ணீர் அடித்தட்டைத் தொடக்கூடாது; ஒரு நெல்மணியின் கனத்துக்கு இடைவெளி இருக்கட்டும். தொட்டால் அழுகும், மிகவும் விலகினால் வேர் இறங்காது. தண்ணீர் நாறாமலிருக்க ஓர் அடுப்புக்கரித் துண்டைப் போடுவது பழைய வழக்கம். குவளையோடு மீண்டும் குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறோம். கொச்சி வெப்பத்தில் வேர்விட வைத்தால், வேர்கள் போதிய நீளம் பெறுமுன் மேல்முளை கிளம்பிவிடும். குளிருக்குள் வேரும் முளையும் தத்தம் முறைப்படி செல்கின்றன: அடித்தட்டின் விளிம்பைச் சுற்றி முதலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும், பிறகு அவை கிளை ஏதும் இல்லாத, வெண்ணூல் போன்ற வேர்களாக நேரே கீழிறங்கும். இந்த வேர்கள் ஒடிந்தால் அந்தப் பருவத்தில் மீண்டும் வளர்வதில்லை என்பதால், தண்ணீர் மாற்றும்போது குமிழத்தைத் தூக்காமல் குவளையைச் சாய்த்தே மாற்ற வேண்டும்.

டிசம்பர் 24-ஆம் நாள் வெளியே எடுக்கும்பொழுது, வேர்கள் குவளையின் பாதியை நிறைத்திருக்கும். மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் வெளிறிய முளை நிற்கும். வீட்டிலேயே குளிர்ந்த, நிழலான இடத்தில் முதலில் வைத்து, முளை பச்சையேறியதும் ஜன்னலோரத்துக்கு மாற்றலாம். வெளிச்சத்தை நோக்கிச் சாயும் இயல்பு அதற்கு உண்டாதலால், நாள்தோறும் குவளையைச் சற்றே திருப்பி வைக்க வேண்டும். குளிரூட்டிய அறையானால் மூன்று வாரக் கணக்குச் சரியாக இருக்கும். வெளிவெப்பத்தில் இன்னும் விரைவாகவே மலரும், அதற்கேற்ப விரைவாகவே வாடும். இப்பொழுது காம்பு மளமளவென்று நீள்கிறது. கொத்தின் அடிமொட்டுகள் முதலில் பச்சை நீங்கி நிறமேறி, ஆறு முனைகளாகப் பிரிந்து பின்னோக்கி வளைந்து விரிகின்றன. பின்பு அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று உச்சிவரை மலர்ச்சி ஏறுகிறது. அதன் மணம், சம்பங்கி மணத்தைப் போலவே, ஒரு முழு வீட்டுக்கும் ஒரு கொத்துப் போதுமென்னும்படி கனமானது.

பூ முடிந்தபின் அந்தக் குமிழத்தை மறு ஆண்டுக்குச் சேமிக்க முயல்வது வீண். தண்ணீரில் வளர்ந்ததால் சேமிப்பெல்லாம் செலவழிந்துவிட்டது; அதனை மீண்டும் நிரப்ப, இலைகள் மாதக்கணக்கில் குளிர்ந்த வசந்த வெயிலில் நிற்க வேண்டும். அத்தகைய வெயில் கொச்சியில் இல்லை. இந்தியாவிலேயே அந்தப் பேறு பெற்ற ஊர் ஸ்ரீநகர்: தால் ஏரிக்கு அருகே, ஜபர்வன் மலையடியில் 2007-இல் திறக்கப்பட்ட டூலிப் தோட்டத்தில், மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் டூலிப்புகளோடு ஹயசிந்துகளும் வரிசை வரிசையாக மலர்கின்றன. அங்கே பெட்டியும் வேண்டாம், வாரக்கணக்கும் வேண்டாம். காஷ்மீரத்தின் குளிர்காலமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மழைக்குக் காத்திருக்கும் குமிழங்கள்

இவ்வளவு தூரம் ஓர் அந்நியப் பூவுக்கு உழைக்கும் நாம், நம்முடைய மண்ணின் செடிகளும் இதே விதமாகப் பருவம் எண்ணுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மலபாரின் தாவரங்களை விவரிக்கும் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பன்னிரண்டு பாகப் பெருநூல், கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த வான் ரேடேயின் முயற்சியால், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணிப் பண்டிதர்களும் அளித்த அறிவைக் கொண்டு, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. 742 தாவரங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் மேந்தோன்னி என்று மலையாளத்தில் வழங்குவது, தமிழ்நாட்டின் மாநில மலராகிய நம் செங்காந்தளே.

செங்காந்தளின் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்குகிறது. நம் நாட்டில் செடியைக் கொல்ல வருவது பனி அன்று, வறட்சி. ஆகவே அது காத்திருப்பது குளிர் கழிவதற்கு அன்று, வறட்சி கழிந்து மழை வருவதற்கு. சேனையும் அப்படியே: போதிய முதிர்ச்சி பெற்ற கிழங்கு, கோடையின் உறக்கம் தீர்ந்து, முதல் மழைகளை ஒட்டி, இலைக்கு முன்னதாகவே தன் பெரும் பூவை மண்ணுக்குமேல் நீட்டுகிறது. கேரளத் தோட்டங்களில் மே மலர் என்று வழங்கும் செந்நிறப் பந்துப்பூ, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குமிழச் செடி. அதன் தாயகத்திலும் வறட்சிக்குப் பின் மழை என்பதே வரிசையாதலால், அதற்கு இங்கே குளிர்பதனப் பெட்டி எதுவும் தேவைப்படவில்லை. வந்த இடத்திலேயே ஆண்டு தவறாமல் பூக்கிறது.

ஆக, ஒரு செடி புதிய தேசத்தில் தழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது மண்வளமோ மழையளவோ மட்டும் அன்று. அதன் பிறப்பிடத்துப் பருவங்கள் எந்த வரிசையில் வந்தனவோ, அந்த வரிசை புதிய இடத்திலும் கிடைக்கிறதா என்பதே முதற்கேள்வி. இது வீட்டு அலங்காரத்தோடு நிற்கும் விஷயமன்று. ஆப்பிள் மரமும் குளிர்கால வாரங்களை எண்ணியே வசந்தத்தில் மொட்டு அவிழ்க்கிறது. குளிர்காலம் வெம்மையடைந்துவருவதால் இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோட்டங்கள் மேலும் உயரமான மலைப்பகுதிகளை நோக்கி நகர்ந்திருக்கின்றன. பூமியின் வெப்பம் ஏறுவதைப் பற்றிப் பேசும்போது நாம் கோடையின் கொடுமையையே நினைக்கிறோம். குறைந்துபோன குளிரும் அதே அளவுக்கு ஓர் இழப்பு என்பதை இந்தச் செடிகள் நமக்கு உணர்த்துகின்றன.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

இங்கே கூறியவற்றை வாசகர் நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே இரகத்தில், ஒரே சுற்றளவில், மூன்று குமிழங்கள் வாங்குங்கள். ஒன்றைப் பன்னிரண்டு வாரமும், மற்றொன்றை ஆறு வாரமும் குளிரில் வையுங்கள். மூன்றாவதற்குக் குளிரே வேண்டாம், அலமாரியில் காற்றோட்டமாக இருக்கட்டும். மூன்றும் ஒரே நாளில் ஜன்னலுக்கு வரும்படி, ஆறு வாரக் குமிழத்தைத் தாமதித்துப் பெட்டியில் இடுங்கள். ஒரே அளவுள்ள குவளை, ஒரே ஜன்னல், ஒரே தண்ணீர். குளிரின் அளவு தவிர வேறு எதுவும் மாறாமலிருக்குமானால், காம்பின் உயரத்தில் நீங்கள் காணும் வேறுபாட்டுக்குக் குளிரைத் தவிர வேறு காரணம் சொல்ல இடமிராது. ஓர் அடிக்கோலால் அந்த மூன்று உயரங்களையும் அளந்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வாரம் போதுமா, பதினான்கு வேண்டுமா, நீலப்பூ இரகமும் வெண்பூ இரகமும் ஒரே அளவு குளிரைக் கேட்கின்றனவா என்று அடுத்தடுத்து எழும் கேள்விகளுக்கு, அதே பெட்டியும் அதே அடிக்கோலும் அடுத்த அக்டோபரில் விடை தேடித் தரும்.